மைக்கில் நான் விட்ட சரடு

கடலூரில் எங்கள் தெருமுனையில் மசாஜ் கட்டில் விற்கும் கடை ஒன்று வந்தது. படுத்துப் பார்க்க இலவசம். எனக்கு நோயொன்றும் இல்லை. அங்கே ஏசி இருந்தது, தினமும் போய்ப் படுத்தேன்.

கட்டிலால் கண்ட பலனை ஆளுக்கொரு நாள் மைக்கில் சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது குறும்பு தலைக்கேறியது.

"எனக்கு சுகர் ஜாஸ்தி. மாத்திரையத் தூக்கிப் போட்டுட்டேன். இப்ப தினம் அல்வாதான்!"

கைதட்டல் அடங்கவே இல்லை. பக்கத்துக் கட்டில் பஷீர் பாய்தான் பலமாகத் தட்டினார்.

மறுவாரம் சிதம்பரத்தில் மகள் வீட்டுக்குப் போன பாய் மயங்கி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. சுகர் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார் என்றாள் மகள்.

"ஏன் பாய் நிறுத்துனீங்க?"

"நீங்கதானண்ணே மைக்குல சொன்னீங்க. உங்களுக்குக் கேட்ட கட்டில் எனக்குக் கேக்காதா?"

"பாய்... எனக்கு சுகரே கெடையாது."

என்னையே பார்த்தார். "அப்ப அந்த அல்வா?"

"அது மட்டும் நெசம்."

அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் கடையில் மைக்கைக் கேட்டு வாங்கி, உண்மையைச் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. அடுத்து வந்தவர் தன் முட்டிவலி பறந்துபோனதைச் சொன்னார். எல்லோரும் தட்டினார்கள். அந்தச் சத்தத்திலேயே செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினேன்.