புக்கிங் கிளார்க்குக்கு வீடு வேண்டும்

பஸ் கம்பெனியில் புக்கிங் கிளார்க் என்றால், ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் அவரவர் போக வேண்டிய இடத்துக்கு அனுப்பிவைத்துவிட்டு, தனக்குப் போக ஓர் இடமில்லாமல் உட்கார்ந்திருக்கிறவன் என்று அர்த்தம்.

புது ஊரில் வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிய சங்கதி இல்லை. உங்கள் கால் தேய்ந்த மாதிரிதான் என் காலும் தேய்ந்தது. ஐம்பதுகளில் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தேன். அப்போது அது சேலம் ஜில்லாவின் கடைசி மூலை. பங்களூர் ரோட்டில் இன்னும் கொஞ்சம் போனால் மைசூர் ராஜ்யம் வந்துவிடும். நல்ல குளிர். தெலுங்கு பாதி, கன்னடம் பாதி, மிச்சம் இருந்தால் தமிழ். புக்கிங் ஆபீசுக்குப் பின்னால், பார்சல் மூட்டைகளுக்கு நடுவில் எனக்குப் படுக்கை.

நான் எப்படியும் படுத்துக்கொள்வேன். என் மனைவி ராஜமும் கைக்குழந்தையும் அவள் அண்ணன் வீட்டில் இருந்தார்கள். அங்கே சமையல் அவளுடையது, சாப்பாடு கடைசிப் பந்தி. பால் திரிந்தாலும், பூனை சட்டியை உருட்டினாலும், பல்லி செத்துக் கிடந்தாலும் அண்ணிக்கு அவள்தான் காரணம். நான் ஓசூருக்குப் புறப்பட்ட அன்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. வாசல் வரைக்கும் வந்து, "சின்னதா ஒரு வீடு இருந்தாலும் போதுங்க" என்று மட்டும் சொன்னாள். என் சம்பளத்துக்கு அப்படி ஒரு வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பங்களூர் டிக்கெட் வாத்தியார்

வாரம் தவறாமல் பங்களூருக்கு டிக்கெட் வாங்கும் வாத்தியார் ஒருவர் உண்டு. என்னிடம் ரொம்பப் பிரியம். ஜன்னல் ஓரத்து சீட்டு போட்டுக் கொடுத்தால், "தம்பி மாதிரி கிளார்க்கு இந்த ஊருக்கு வந்ததே இல்லை" என்பார். அவர் வீட்டின் பின்கட்டு காலியாக இருக்கிறது, வாடகையும் கம்மி என்று கேள்விப்பட்டதும் சட்டையை மாற்றிக்கொண்டு ஓடினேன்.

காப்பி கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். அப்பா பெயர் கேட்டார், சொன்னேன். அப்பாவின் ஊர், அம்மாவின் ஊர், எந்தக் கோயிலுக்கு வரி கொடுப்போம் என்று சுற்றிச் சுற்றி வந்தார். எங்கே வந்து நிற்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நானே சாதியைச் சொல்லி அவருடைய சிரமத்தைக் குறைத்தேன். காப்பி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, பாவம், நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார்: "டிக்கெட் வாங்கறப்ப நீங்க யாரா இருந்தா எனக்கென்னங்க? வூட்டுக்குள்ளாரன்னா நாளைக்கு நாலு பேரு கேப்பாங்களே!"

எல்லைக்கு இந்தப் பக்கம்

எங்கள் கம்பெனி டிரைவர் முனிரத்தினம் உள்ளூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, பிரயாணிகளிடம் கன்னடம், என்னிடம் தமிழ் பேசுவார். கோபம் வந்தால் மூன்றையும் கலந்து பேசுவார். "பாகலூர் பக்கம் வாடகை ஒண்ணுமே இல்லீங்க. சைக்கிள் இருந்தா போதும்" என்று ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

வீட்டைப் பார்த்ததும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. ஓட்டு வீடு, கிணறு, ஒரு புளியமரம். இவ்வளவு வசதியான வீட்டை ஏன் இத்தனை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தது. அந்தச் சமயம், காலி செய்துகொண்டு போகும் அம்மாள் கடைசி மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நம் பக்கம் மதுவிலக்கு, மைசூர்ப் பக்கம் கடை திறந்திருக்கும். அந்தி சாய்ந்தால் இங்கிருந்து குடிக்கப் போனவர்கள் எல்லாம் அந்த வீட்டு வாசல் வழியாகத்தான் திரும்ப வேண்டும். அவர்களைப் பிடிக்கப் போலீசும் அந்த வழியாகத்தான் வர வேண்டும். "வீடு எப்படீம்மா?" என்று கேட்டேன். அவள் தலைச்சும்மாட்டைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "வூடு நல்ல வூடுதாங்க. கதவைத் தட்டறது குடிகாரனா போலீசான்னு தெரியறதுக்குள்ளாரதான் உசுரு போயிடும்."

மாங்காய்க்கு முன்கட்டு

கிருஷ்ணகிரி ஆபீஸ் கிளார்க் லீவில் போனபோது என்னை அங்கே போட்டார்கள். ஓசூர்க் குளிருக்கு அந்த ஊர் வெயில் சுகமாக இருந்தது. அங்கேயே மாற்றல் கேட்டுவிடலாம் என்று வீடு தேடினேன். மண்டிக்காரர் ஒருவரின் வீடு கிடைத்தது. முன்கட்டு, பின்கட்டு, சமையலறை எல்லாம் உண்டு, வாடகையும் கைக்கு அடக்கம். எல்லாம் பேசி முடித்த பிறகு அவர் சாவகாசமாகச் சொன்னார், சித்திரை பிறந்தால் முன்கட்டு அவருக்கு வேண்டுமாம். வைக்கோல் பரப்பி மாங்காய் கொட்டுவார்களாம். ஆள்கள் வருவார்கள், போவார்கள், வண்டி வாசலில் நிற்கும். சீசன் முடிகிற வரைக்கும் நாங்கள் பின்கட்டில் ஒடுங்கிக்கொள்ள வேண்டும்.

"வாடகை முழுசா நான்தானே கொடுக்கிறேன்?" என்றேன். அவருக்கு நான் கேட்டது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். பல் தெரியச் சிரித்தார். "மாங்கா எனக்குச் சோறு போடுதுங்க. நீங்க வாடகைதானுங்களே போடறீங்க?"

மாதப்பா பார்த்த வீடு

கடைசியில் வீடு கிடைத்தது மாதப்பா மூலம். எங்கள் ஆபீஸ் பார்சல்களை ஒற்றை மாட்டு வண்டியில் கடைவீதிக்கு இழுக்கிறவர் மாதப்பா. நான் மூட்டைகளுக்கு நடுவில் சுருண்டு கிடப்பதைத் தினமும் பார்த்து அவருக்கே வெறுத்துப்போயிருக்கும். அவர் தெருவில், அவர் வீட்டுக்கு ஒட்டிய வீட்டைப் பேசி முடித்துவிட்டார். ஒரே சுவர், ஒரே கூரை, நடுவில் தடுப்பு. கூலிக்காரர்கள், வண்டிக்காரர்கள், செங்கல் அறுக்கிறவர்கள் இருக்கும் தெரு. என் சாதியை ஒருவரும் கேட்கவில்லை. மாடு கட்ட இடம் வேண்டுமா என்று மட்டும் கேட்டார்கள்.

ராஜம் வந்து இறங்கிய அன்று மாதப்பாவின் மனைவி கௌரம்மா ராகிக் களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்தாள். ராஜம் களியைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வாயில் போட்டு மென்றாள், மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். கௌரம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் தெருவே எட்டிப் பார்த்தது. ராஜமும் சிரித்தாள். கல்யாணமான பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. கௌரம்மா தன் கையாலேயே ஓர் உருண்டையைக் குழம்பில் தோய்த்து அவளிடம் நீட்டினாள். "மென்னுக்கினே இருந்தா பொழுது போயிடும் தாயி. முழுங்கு, முழுங்கு."

எலி

அந்தச் சீமையில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த ஒன்று எங்களுக்குத் தெரியாது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் எலி தானாகச் செத்து விழுந்தால் பிளேக் வருகிறது என்று அர்த்தம். எந்த வீட்டில் முதலில் விழுகிறதோ, அந்த வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று தெருவுக்கே கேட்கும்படி சொல்ல வேண்டும். அதில் வெட்கமோ குற்றமோ கிடையாது. சொன்ன உடனே தெருவே வீட்டைப் பூட்டிக்கொண்டு, சட்டி பானையோடு வயலுக்குப் போய்க் கீற்றுக் கொட்டாய் போட்டுக்கொள்ளும். வெயில்காலம் பிறந்த பிறகுதான் திரும்பும். எனக்கு இதைச் சொல்லியிருக்கக்கூடிய முனிரத்தினத்தை அந்த மாதம் மெட்ராஸ் லைனில் போட்டிருந்தார்கள். மாதப்பாவுக்கோ, இதைக்கூட ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்று தோன்றியிருக்காது.

மார்கழியில் ஒரு காலை, அம்மிக்குப் பக்கத்தில் எலி ஒன்று செத்துக் கிடந்ததை ராஜம் பார்த்தாள். முறத்தில் தள்ளிக் குப்பைக்குழியில் போட்டுவிட்டு, இடத்தைச் சாணம் போட்டு மெழுகினாள். என்னிடம் சொல்ல வேண்டிய விஷயமாகவே அவளுக்குத் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் கௌரம்மா வந்து, "உங்க வூட்ல எலி ஏதாச்சும் விழுந்துச்சா தாயி?" என்று கேட்டாள். சந்தைப்பேட்டைப் பக்கம் ஏதோ பேச்சு அடிபட்டதாம்.

ராஜத்தின் காதில் அது அண்ணி கேட்கிற கேள்வியாக விழுந்தது. வீடு சுத்தமில்லை என்கிறார்கள், இனி காலி செய்யச் சொல்வார்கள், திரும்பவும் அண்ணன் வீடு என்று பயந்துபோனாள். "எங்க வீட்ல எலியே கிடையாதுக்கா" என்று சொல்லிவிட்டாள். கௌரம்மா நெஞ்சில் கையை வைத்து மூச்சு விட்டாளாம். பாவி மனுஷி, என்ன சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள்: "நல்லதாப் போச்சு தாயி! அப்ப இந்த வருசம் வூட்லயே பொங்க வெக்கலாம்."

வயலில்

பொங்கலுக்கு முன்பே கௌரம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. அக்குளில் நெறி கட்டியது. பார்த்தவுடனே பிளேக் என்று தெருவுக்குத் தெரிந்துவிட்டது. சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து மருந்து அடித்தார், எல்லாருக்கும் ஊசி போட்டார். அவளுக்கு மட்டும் எதுவும் உதவவில்லை. அவள் கண்ணை மூடிய பிறகு, ஜனங்கள் வயலில் கீற்றும் மூங்கிலும் கட்டிக்கொண்டிருந்தபோதுதான், எதற்காக இத்தனை பேரும் வீட்டை விட்டு ஓடுகிறார்கள் என்று ராஜம் விசாரித்தாள். விசாரித்துத் தெரிந்துகொண்டதும் என்னிடம் வந்து எலியைப் பற்றிச் சொன்னாள். அந்த ஒரு எலியால்தான் என்று யாரால் சொல்ல முடியும், ஒரே கூரையில் எத்தனை எலி செத்ததோ என்றேன். நான் பேசியது அவள் காதில் ஏறவே இல்லை.

குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு நேரே மாதப்பாவிடம் போனாள். கூட்டமாகத்தான் இருந்தார்கள். "எங்க வீட்லதான் மொதல்ல விழுந்துச்சு. அக்கா கேட்டாக. நான் இல்லைன்னு சொல்லிட்டேன்" என்றாள். மூங்கில் வெட்டிய சத்தம் நின்றது. அடிப்பார்கள், விரட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். மாதப்பா அவளைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டே, யாருக்கோ சமாதானம் சொல்வது மாதிரிச் சொன்னார்: "அந்தப் புள்ளைக்கு எப்பிடிங்க தெரியும்? அது ஊர்ல எலி செத்தா, எலிதானே செத்துது."

சேலத்துக்கு ஒன்று

எங்களுக்கும் ஒரு கொட்டாய் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். இன்னொருத்தி களி கொண்டுவருவாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் விளையாட்டுக் காட்டுவார்கள். ராஜத்தை ஒரு சொல் சொன்னவர் கிடையாது. மாதப்பா எப்போதும் போலப் பார்சல் இழுத்தார், எப்போதும் போல என்னை 'புக்கிங் ஐயா' என்றார். ராஜம் மட்டும் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போனாள். களியை வாயில் வைத்தால் அழுகை வந்துவிடும்.

வீடு திரும்பலாம் என்று இன்ஸ்பெக்டர் சொன்ன அன்று, அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்றாள். நான் கெஞ்சினேன், கோபித்தேன், வேறு தெரு பார்க்கிறேன் என்றேன். அசையவில்லை. முனிரத்தினம் அப்போது சேலம் லைனுக்கு வந்துவிட்டார். ரயில் ஏற்றிவிடுகிறேன் என்றார். டிக்கெட்டை நான்தான் கிழித்துக் கொடுத்தேன். "அங்கே உன்னை என்ன பாடு படுத்துவாங்கன்னு தெரிஞ்சுமா போறே?" என்று ஜன்னல் பக்கம் நின்று கேட்டேன். குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். "அங்கன எல்லாரும் ஏசுனாக, இருந்துட்டேன். இங்கன ஒருத்தரும் ஏச மாட்டேங்கிறாகளேங்க, எப்படி இருக்கது?"

ஊர் மாறி ஊர் போகிறவர்களே, கைக்கு அடக்கமான வாடகையில் ஒரு வீட்டை நம்மில் யாரும் எப்படியாவது கண்டுபிடித்துவிடுவோம். அந்தத் தெருவில் குடியிருக்கக் கற்றுக்கொள்வதற்குத்தான் யாரும் நமக்கு அவகாசம் கொடுப்பதில்லை.