சைகோன் ரொட்டியும் என் நாத்தனாரும்

என் நாத்தனார் மௌத்தாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. போனவர்களைப் பற்றிக் குறை பேசக்கூடாது என்பார்கள். நான் பேசத்தான் போகிறேன். என் வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

என் வீட்டுக்காரர் சைகோனில் ஜவுளிக்கடையில் இருந்துவிட்டு, ஐம்பதுகளின் ஆரம்பத்தில் காரைக்காலுக்குத் திரும்பி வந்தார். பிரெஞ்சுத் துரைமார் இன்னும் ஊரை விட்டுப் போகாத காலம். வந்த மனுஷருக்குக் காலையில் இடியாப்பம் இறங்கவில்லை. மேலே மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சாக, லேசாகப் புளிக்கிற சைகோன் ரொட்டிதான் வேண்டுமாம். கடைத்தெருவில் ரொட்டி விற்றார்கள். ஆனால் மாவு பொங்குவதற்குக் கள்ளு ஊற்றிப் பிசைவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஜனம் அதைத் தொடாது.

அங்கே பார்த்ததை அவர் சொல்லச் சொல்ல, நானே வீட்டில் இறங்கினேன். கோதுமை மாவு, தண்ணீர், ஒரு பிடி கிஸ்மிஸ், ஒரு பீங்கான் ஜாடி, அவ்வளவுதான். தினம் பாதியை எடுத்துப் போட்டுவிட்டுப் புது மாவு சேர்த்துக் கிளறினால் ஒரு வாரத்தில் நுரைத்து மேலே வந்தது. அந்தப் புளிமாவில் ஒரு கரண்டி எடுத்து மைதாவோடு பிசைந்து, பொங்க வைத்து, தேக்சாப் பாத்திரத்தில் போட்டு, அடியிலும் மூடி மேலும் தணல் வைத்துச் சுடுவேன். முதல் நாலைந்து தடவை கரி. அப்புறம் கைக்கு வந்துவிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு தின்றார்.

அதுதான் நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், அதே தெருவில் இருந்தார். அக்காவை அவர் "லாத்தா" என்பார், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அக்கா கையால் ஆக்கியதைத் தம்பி ஒதுக்கிவிட்டுப் பெண்டாட்டி ரொட்டியைப் புகழ்ந்தால் யாருக்குத்தான் எரியாது? எரியட்டும். ஆனால் செய்தது என்ன தெரியுமா?

எங்கள் வீட்டில் நபி புகழ் பாடி மௌலூது ஓதிய அன்று தெருப் பெண்கள் இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். தொட்டுக்கொள்ள இறைச்சி ஆணத்தோடு என் ரொட்டியை வைத்தேன். லாத்தா ஒரு துண்டை எடுத்தார், மூக்கருகில் கொண்டுபோனார், அப்படியே தட்டில் வைத்தார்.

"என்னம்மா இது, கள்ளு வாடை வருது?"

புளிமாவுக்கு வாடை உண்டுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஜாடியில் என்ன இருக்கிறதென்று அவருக்கு நன்றாகத் தெரியும். என் பக்கத்தில் நின்று பார்த்தவர். நான் எவ்வளவோ சொன்னேன். ஒவ்வொரு கையாகப் பின்னுக்குப் போனது. ஒருத்தி கொல்லைக்குப் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து என் வீட்டுப் பண்டத்தை யாரும் வாயில் வைக்கவில்லை. நோன்பு மாதத்தில் வீட்டுக்கு வீடு தட்டு போகும். என் தட்டு மட்டும் மூடிய துணி கலையாமல் திரும்பி வந்தது. ஹராமை ஊட்டியவள் என்ற பேரோடு ஒரு தெருவில் குடியிருப்பது லேசா? "விடு, பொம்பளைங்க பேச்சு" என்றார் என் வீட்டுக்காரர், ரொட்டியை மென்றுகொண்டே.

நான் விடவில்லை. காத்திருந்தேன்.

அடுத்த வருஷம் லாத்தா தன் மகளுக்கு நிக்காஹ் முடித்தார். மாப்பிள்ளையும் சைகோனிலிருந்து வந்தவர். எங்கள் வழக்கப்படி பெண் வீட்டிலேயே தங்கினார். அவருக்கும் அதே ரொட்டி வேண்டும். லாத்தா கொல்லைப்புற வாசல் வழியாக வந்து, கொஞ்சம் புளிமாவு கேட்டார். வெட்கமே இல்லை. "அதுக்கென்ன லாத்தா, இருங்க" என்று உள்ளே போனேன். கிண்ணத்தில் புளிமாவு எடுத்தேன். கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கலக்கினேன். அந்தச் சூட்டில் புளிப்புச் செத்துவிடும், அப்புறம் எந்த மாவும் பொங்காது. ஆறியதும் சிரித்துக்கொண்டே கொடுத்தேன். என் ஆயுசிலேயே அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

மூன்று தடவை சுட்டார். மூன்றும் அம்மிக்கல். சம்பந்தி வீட்டில் சிரித்தார்கள். நாலாவது நாள் முகம் செத்து என்னிடம் வந்தார். "உன் கையாலயே சுட்டுக் குடும்மா."

"தரேன். அன்னைக்கு வந்த பொம்பளைங்க எல்லாரையும் கூப்பிடுங்க. அதுல கள்ளு இல்லேன்னு அவங்க முன்னாடி நீங்களே சொல்லணும்."

ஒத்துக்கொண்டார். ரொட்டி அன்று தங்க நிறத்தில் வந்தது. லாத்தா எழுந்து நின்று, "நான் சொன்னது பொய். இதுல கள்ளு இல்லே, அல்லா மேல சத்தியமா" என்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

கொல்லையில் வாய் கொப்பளித்தாளே, அவள் கேட்டாள்: "உங்க வீட்டுல மூணு தடவை சுட்டீங்களே லாத்தா, அதே மாவுதானே? ஏன் உப்பலே?"

லாத்தா முழித்தார். "தெரியலேம்மா. என் கை ராசி."

"கை ராசியுமில்லே ஒண்ணுமில்லே. நீங்க கள்ளு ஊத்தலே, உப்பலே. இவ ஊத்துறா, உப்புது. மருமகனுக்காக சத்தியமெல்லாம் பண்ண வேண்டியிருக்கு, பாவம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் உப்பவில்லை என்று அந்த இடத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், கள்ளுப் பேர் போய்விடும்; ஆனால் மாவைக் கெடுத்துக் கொடுத்தவள் என்ற பேர் வந்துவிடும். லாத்தாவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் ரொட்டியைத் துணியால் மூடினேன்.