மூண்டாவது காரிலை ஏறிப் போ

காருக்குப் பெயின்ற் அடிக்கிறது பெரிய வேலையில்லை, பிறசு பிடிக்கத் தெரிஞ்ச ஆரும் அடிப்பினம். பழைய நிறத்தோடை புது நிறத்தைச் சேர்க்கிறதுதான் ஆளைக் கொல்லுற வேலை. பெயின்ற் பேணியோடை மாரடிச்சவை இதை வாசிச்சால் பெருமூச்சு விடுவினம், மற்றவை சிரிச்சுப்போட்டுப் போகட்டும். நான் சொல்லுறது இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தின காலம். யாழ்ப்பாணப் பட்டினத்திலை ஒரு கராச். பழைய கார்களை முந்தி இருந்த நிறத்திலையே புதுக்கிக் குடுக்கிறது என்ரை பொறுப்பு. வீட்டிலை மனிசிக்கு ஏழு மாசம். உந்த வேலை போனால் எங்களுக்கு வேறை கதியில்லை.

கண்டின கார்

குருநகர்ச் சம்மாட்டியார் ஒருத்தர், மூண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர். அவரின்ரை நீலக் கார் மதிலிலை உரசி மட்காட் கீறுப்பட்டுப் போச்சு. நான் நீலத்தைக் கலக்கி, விரலாலை தொட்டுக் கதவிலை வைச்சுப் பாத்தன். அச்சொட்டாய் இருந்தது. ஈரத்திலை அச்சொட்டாய் இருக்கிறது காய்ஞ்சால் கறுக்கும் எண்டது எனக்குத் தெரியாத விசயமில்லை. அவசரம் கண்ணை மறைச்சுப்போட்டுது.

அடுத்த நாள் ஞாயிறு. பூசை முடிஞ்ச கையோடை மனுசன் காரைக் கொண்டுவந்து வாசலிலை விட்டிட்டார். காரை ஒரு சுத்துச் சுத்தினார், திருப்பியும் ஒரு சுத்து. கோவிக்கேல்லை. எனக்கு அதுதான் கூடப் பயம். கடைசியாய் மட்காட்டைத் தடவிப்போட்டு, முதலாளிக்கும் கேக்கிற மாதிரிச் சொன்னார்: "ஏன் தம்பி, காருக்கு ஆரும் அடிச்சவையே? கண்டிக் கறுத்துப்போய்க் கிடக்கு."

அவர் போன பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் அதிகம் கதைக்கிற ஆளில்லை, சொன்னால் சொன்னதுதான். "உன்ரை கையாலை அடிச்சு மூண்டு கார் திரும்பி வந்தால், மூண்டாவதிலை நீயும் ஏறிப் போ. உது ஒண்டு."

எந்த மாம்பழம்?

மீசாலையிலை இருந்து ஒரு கமக்காரர் காரைக் கொண்டுவந்தார். பாத்தால் வெறும் தகரம். ஊரிலை ஆரையோ பிடிச்சு, பழைய பெயின்றை ஒரு பொட்டும் இல்லாமல் சுரண்டுவிச்சுப் போட்டார். இனி எதோடை நான் நிறத்தைச் சேர்க்கிறது? என்ன நிறமாய் இருந்தது எண்டு கேட்டன். பழுத்த மாம்பழ நிறம் எண்டார். எனக்கு உயிர் வந்தது, மாம்பழம் தெரியாதவன் ஆர்? இந்த முறை காயவிட்டும் பாத்து, நல்ல மஞ்சளாய் அடிச்சு அனுப்பினன்.

பின்னேரமே கார் திரும்பி வந்தது. சந்தியிலை நிண்ட சனமெல்லாம் தன்ரை காரைப் பாத்துச் சிரிச்சதாம். நீங்கள்தானே மாம்பழ நிறம் எண்டு சொன்னியள் எண்டு கேட்டன். கேக்கேக்கையே விளங்கிப்போச்சு. எங்கடை அளவெட்டி வளவிலை நிண்டது வெள்ளைக் கொழும்பான் மா, பழுத்தால் மஞ்சள். அவர் பிறந்து வளந்தது தென்மராட்சி மீசாலையிலை, அங்கை மாம்பழமே வேறை. என்னைப் பாத்து, ஒரு விசரனுக்குச் சொல்லுற மாதிரி ஆறுதலாய்ச் சொன்னார்: "தம்பி, மாம்பழம் எண்டால் கறுத்தக் கொழும்பான். அது பழுத்தாலும் தோலிலை பச்சை போகாது."

சீற்றுக்குக் கீழை

முதலாளி இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிப்போட்டு உள்ளை போயிட்டார். மனிசிக்குச் சொல்லவும் பயம்.

அப்பதான் வட்டுக்கோட்டையிலை இருந்து ஒரு மாஸ்ரர் வந்தார். மகளுக்கு வாற புதன் கலியாணம். கார் புதுசாய் இறக்கின அண்டைக்கு எந்த நிறமோ, அதே நிறம் வேணுமாம். அது என்ன நிறம் எண்டு அவருக்கே வடிவாய் ஞாபகமில்லை. பதினைஞ்சு வருசம் வெயிலிலை நிண்டு கார் சாம்பலாய்ப் போச்சு. ஒரு கொட்டில் போடவோ, வேம்புக்குக் கீழை விடவோ அவரின்ரை மனிசி சம்மதிக்கேல்லையாம்.

நான் பின் சீற்றைக் கழட்டினன். கீழை, உள்ளங்கை அளவு இடத்திலை வெயில் காணாத நிறம் கிடந்தது. நல்ல கத்தரிக்காய் நிறம். எட்டுத் தகரத் துண்டிலை கலந்து பூசி, காயவிட்டு, காலமை ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா வெயிலிலை வைச்சுப் பாத்தன். ஆறாவது துண்டு அந்த இடத்தோடை ஒட்டிப் பிறந்த மாதிரி இருந்தது. மாஸ்ரர் வந்து பாத்தார், கண் கலங்கிப்போச்சு. வீட்டை போன உடனை மனிசிக்கு எல்லாத்தையும் சொல்லி, தப்பிட்டன் எண்டும் சொன்னன்.

அடுத்த நாள் காலமை அதே கார் கராச்சுக்குள்ளை திரும்பி வருது. நான் பிறசைக் கீழை வைச்சன். முன்னுக்கு மாஸ்ரர், தலையை நிமித்தேல்லை. பின் சீற்றிலை இருந்து அவரின்ரை மனிசி இறங்கினா. நிறம் பிழையோ எண்டு முதலாளி கேட்டார்.

"பிழையில்லை, இறக்கின அண்டைக்கு இருந்த அதே நிறம். அண்டைக்கே எனக்குப் பிடிக்கேல்லை. மங்கட்டும் எண்டுதான் பதினைஞ்சு வருசம் வெயிலிலை விடுவிச்சனான். இப்ப சொல்லிவைக்கத்தான் வந்தனாங்கள், கலியாணம் முடியக் கொண்டுவாறம், மாத்திப் போடுங்கோ."

நிறம் சரியெண்டு அவவே சொல்லுறா எண்டு நான் முதலாளியைப் பாத்தன். அவர் மூண்டு விரலைத் தூக்கினார். "சரியோ பிழையோ எண்டு நான் கேட்டனானே? கார் திரும்பி வந்ததோ இல்லையோ?"

என்ரை கையாலை நிறம் அச்சொட்டாய்ச் சேர்ந்த ஒரே காருக்காகத்தான் என்ரை வேலை போனது, மனம் கேளாமல் மாஸ்ரர் அந்தக் காரிலையே என்னை ஏத்திக்கொண்டுபோய் வீட்டு வாசலிலை இறக்கினார்.