முரசுமோட்டையில் சீன வருடம்

அன்னபாக்கியம் நெல் விற்ற காசை ஒருநாளும் ஒரே இடத்தில் வைத்ததில்லை. குசினி அலுமாரியில் மூன்று பால்மாத் தகரப் பேணிகள் இருந்தன. முதற்பேணி அடுத்த விதைப்புக்கு. வீட்டில் காய்ச்சல் வந்தாலும் அதற்குள் கை போகாது. இரண்டாவது கடனுக்கு. மூன்றாவது பண்டிகைக்கு. முதல் இரண்டும் நிரம்பி மிஞ்சினால்தான் மூன்றாவதின் மூடி திறக்கும். வன்னியில், முரசுமோட்டைக் குடியேற்றத்தில் மற்ற வீடுகளில் இந்த ஒழுங்கு தலைகீழ். பொங்கலுக்குச் சேலை கடனுக்கு எடுப்பார்கள். வெட்டிய நெல்லைக் கொடுத்துக் கடனை அடைப்பார்கள். பிறகு விதைநெல்லுக்கு மறுபடியும் கடன்.

அவருடைய ஒழுங்கு ஈப்போவில் இருந்து வந்தது. தகப்பன் மலாயா ரயில்வேயில் கிளார்க்கர். வேலிக்கு அப்பால் லியோங் என்ற சீனக் குடும்பம், இரும்புக்கடைக்காரர். சீன வருடம் பிறப்பதற்கு முந்திய கிழமை அந்த வாசலில் ஆட்கள் ஓயமாட்டார்கள். கொடுக்க வேண்டியவன் கொண்டுவந்து கொடுப்பான், வாங்க வேண்டியவன் வந்து வாங்குவான். கடைசி இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு சதக் கடனும் மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் வருடம் முழுக்கக் கடன் கூடவே நடக்கும் என்பது அவர்கள் எண்ணம். விடிந்தால் யாரும் யாரிடமும் காசு கேட்பதில்லை. கலியாணம் முடிக்காத பிள்ளைகளுக்கு மட்டும் சிவப்புக் கடுதாசி உறையில் புது நோட்டு. அதற்கு அங்பாவ் என்று பெயர். அன்னபாக்கியமும் கலியாணம் பேசும்வரை வருடா வருடம் அந்த வீட்டில் ஒன்று வாங்கினார். பிறகு கப்பலேறி வந்து வீரகத்தியைக் கட்டினார். வீரகத்தி சுழிபுரத்தில் இருந்து வந்து இரணைமடு வாய்க்காலின் கீழ்க் காணி எடுத்தவர்.

வந்த முதல் வருடமே அன்னபாக்கியம் ஒன்றைக் கவனித்தார். சீன வருடம் தை அமாவாசையை ஒட்டி வருகிறது. காலபோக நெல் வெட்டும் அதை ஒட்டித்தான். அதனால் மூன்று மாத நெல்லையே விதைக்க வைத்தார். ஊரில் முதலில் வெட்டுவது இவர்களுடைய வயல். அமாவாசைக்கு மறுநாள் சீன வருடம் என்று வைத்துக்கொண்டார். சில வருடங்களில் அந்தக் கணக்குப் பிழைத்திருக்கும். திருத்த ஊரில் ஆள் இல்லை.

"சீனன்ர வருசத்துக்கு என்ர நெல்லை விக்கிறியே!" என்று வீரகத்தி குதிப்பார். "பங்குனி மட்டும் வைச்சிருந்தால் மூட்டைக்கு முப்பது ரூபா கூட வரும்."

"வட்டி அதைவிடக் கூட வரும். எண்ணிப் பாருங்கோ."

வீரகத்தி எண்ணிப் பார்ப்பார். பிறகு துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டில் பிடிக்கப் போவார். படலையடியில் நின்று, தெருவில் போகிறவருக்குக் கேட்கும்படி, "மலாயாக்காரியைக் கட்டினவனுக்கு இதுதான் கெதி" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்.

தொண்ணூற்றிரண்டு மாரியில் மலேரியா வீரகத்தியைக் கொண்டுபோனது. ஒரே மகன் அதற்கு முன்பே நோர்வேக்குப் போயிருந்தான். மின்னியல் படித்தவன். கடிதங்கள் கொழும்பு சுற்றி மாதக் கணக்கில் வந்தன. தொலைபேசியில் பேசுவதென்றால் வவுனியாவுக்குப் போகவேண்டும். அவன் இன்னும் கலியாணம் முடிக்கவில்லை. ஆகவே சீன முறைப்படி அவன் பிள்ளைதான். வருடா வருடம் அவனுக்கும் ஒரு அங்பாவ் சுற்றி மூன்றாவது பேணியில் போட்டு மூடினார் அன்னபாக்கியம். வீட்டில் கதைப்பதற்கு ஒரு குரல்தான் மிஞ்சியிருந்தது. அதற்கும் வேலை குறைவு.

தொண்ணூற்று நான்கு ஐப்பசியில் மண்ணெண்ணெயும் உரமும் சண்டையால் வன்னிக்குத் தடைப்பட்ட சாமான்கள். கிடைத்தால் கிடைத்த விலை. சந்திக் கடைக்கார அப்புத்துரை இரண்டையும் கடனுக்குக் கொடுத்தார். அந்தத் தொகை அன்னபாக்கியம் தன் வாழ்நாளில் பட்டிராத கடன். அப்புத்துரை அதை நினைவூட்ட வரத் தொடங்கினார். கிழமையில் மூன்று தரமாவது, கடை பூட்டிப் போகிற வழியில், படலையடியில் சைக்கிள் மணி கேட்கும்.

"அக்கா, நிக்கிறியளோ?"

"வேறை எங்க போறது? வாரும்."

அப்புத்துரை வீரகத்தியின் கதிரையில் இருந்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார். ஊர்க்கதை முழுவதும் சொல்வார். தையில் சண்டை நிறுத்தம் வந்தபோது அதுவே கதை.

"சமாதானமாம் அக்கா. ரேடியோவுக்குப் பற்றி வரப்போகுதாம், சோப்பு வரப்போகுதாம்."

"சோப்பு வந்தால் முதல் உம்மட சேட்டுக்குப் போடும்."

"இது ஊத்தையில்லை அக்கா, கடைச் சரக்கு. தட்டினால் அரைக் கொத்து மல்லி விழும்."

எழும்பும்போது மட்டும், ஏதோ மறந்ததை நினைத்தவர் போல, "அந்தச் சின்னக் கணக்கையும் ஒருக்கால் பாத்துக்கொள்ளுங்கோ" என்பார். அதற்காகத்தான் வந்தார் என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் அன்னபாக்கியம் பொழுது சாயும்போது கேத்திலை அடுப்பில் வைக்கப் பழகினார். மணி கேட்காத நாட்களில் தண்ணீர் கொதித்து வற்றியது.

நெல் விற்ற அன்று இரண்டாவது பேணி நிரம்பியது. மூடியை அழுத்தி மூடிய பிறகுதான் அன்னபாக்கியத்துக்கு விஷயம் விளங்கியது. கடன் தீர்ந்தால் அப்புத்துரை இந்தப் படலைக்குத் திரும்புவதற்குக் காரணம் இல்லை. வேறு எவரும் வருவதில்லை. பக்கத்து வீட்டு விமலேஸ்வரி வேலிக்கு மேலால் கதைப்பதோடு சரி.

பாதியைக் கட்டலாம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அப்புத்துரையும் பாதியைத்தான் எதிர்பார்ப்பார். மீதிக்குச் சித்திரைவரை வருவார். அன்னபாக்கியம் இதை நெல் அவிக்கும்போதும் யோசித்தார், கிணற்றடியிலும் யோசித்தார். காசுக் கணக்கில் இவ்வளவு நேரம் அவர் தடுமாறியதில்லை.

அமாவாசை திங்கட்கிழமை வந்தது. வன்னியில் அப்போது புது நோட்டு என்று ஒன்று இல்லை. இருந்தவை கிழிந்து, பசை பூசி, பின்புறம் கடுதாசி ஒட்டியவை. அன்னபாக்கியம் சிரட்டைக்கரி அயன்பெட்டியை மூட்டி, ஈரத் துணியை விரித்து, நோட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். அங்பாவுக்கு ஒதுக்கியதை முதலில். பிறகு கடன் பேணியையும் கவிழ்த்து, அதில் இருந்த முழுவதையும்.

பின்னேரம் அப்புத்துரை நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். தகப்பனுக்கு விரதம்.

"விரதகாரர் தேத்தண்ணி குடிக்கலாமோ?"

"தேத்தண்ணி தோஷமில்லை அக்கா. அப்பரே தேத்தண்ணிக்காரன். இப்ப மேல இருந்து, எனக்கும் ஒண்டு போடச் சொல்லு எண்டிருப்பார்."

மாங்குளத்தில் ஒருவர் புதுக் கடை போடுகிற கதையைச் சொன்னார். பிறகு ஒரு மாடு களவுபோய்த் தானே திரும்பி வந்த கதை. அன்னபாக்கியம் இரண்டாவது முறையும் வார்த்தார். வெளிச்சம் மங்கியது. விரத நாள் என்பதால் அப்புத்துரை கணக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. எழும்பினார், "வாறன் அக்கா" என்றார், சைக்கிளைப் படலைவரை உருட்டிக்கொண்டும் போய்விட்டார்.

பேசாமல் விட்டிருக்கலாம். ஊரில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. சீன வருடம் என்று ஒன்று இருப்பதே விமலேஸ்வரியைத் தவிர ஊரில் எவருக்கும் தெரியாது.

"அப்புத்துரை, நில்லும்."

பேணியைக் கொண்டுவந்து அவர் கையில் கவிழ்த்தார்.

"அமாவாசையிலயோ அக்கா? பொழுதும் படுகுது. விளக்கு வைச்சாப் பிறகு காசு குடுத்தால் லட்சுமி வெளிக்கிட்டிடுவா."

"விளக்கு இன்னும் வைக்கேல்லை. எண்ணும்."

அப்புத்துரை எண்ணத் தொடங்கி நடுவில் நிறுத்தினார். "இதென்ன, நோட்டெல்லாம் விறைச்சுக்கொண்டு நிக்குது? அயன் பண்ணினனீங்களோ?"

"ஓம்."

"முந்தியே சொல்லியிருந்தால் சேட்டையும் கழட்டித் தந்திருப்பன்." எண்ணி முடித்தார். முகம் மாறியது. "முழுக்க இருக்கு. ஊரில ஒரு சனமும் இன்னும் பாதி கட்டேல்லை அக்கா. இனி உங்களிட்டைக் கேக்க ஒண்டுமில்லை."

"ஓம்," என்றார் அன்னபாக்கியம். "ஒண்டுமில்லை."

மறுநாள் காலை விமலேஸ்வரி தன் சின்ன மகள் யதுர்ஷிகாவோடு வந்தாள். வருடத்தில் இந்த ஒருநாள் மட்டும் படலையால் வருவாள். ஊதுபத்திப் பெட்டியின் சிவப்புக் கடுதாசியில் மடித்த அங்பாவைப் பிள்ளை அங்கேயே பிரித்தாள்.

"இருபது ரூபாவோ மாமி? ஒரு ரூபா சேர்த்துத் தாங்கோவன். மொட்டையாக் கிடக்கு" என்றாள் விமலேஸ்வரி.

"ஒற்றைக் காசு சீனர் செத்த வீட்டுக்குத்தான் குடுப்பினம்."

"இரட்டைக் காசு எங்கட ஆக்கள் ஒண்டுக்கும் குடுக்காயினம்." விமலேஸ்வரி தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ரூபாக் குற்றியை எடுத்துப் பிள்ளையின் கையில் வைத்தாள். "இப்ப சரி. உங்கட சீனருக்கும் எங்கட பிள்ளையாருக்கும் சண்டையில்லை."

அவர்கள் போன பிறகு வீடு பழையபடி ஆனது. அன்னபாக்கியம் நல்ல சேலையை மாற்றவில்லை. பொழுது சாயக் கேத்திலை அடுப்பில் வைத்தார். சைக்கிள் மணி வாய்க்கால் தெருவால் வந்தது, படலையைக் கடந்தது, வயலுக்கு அப்பால் பொன்னையா வீட்டுப் பக்கம் போனது. பொன்னையா உரக்காசில் கால்பங்கும் கட்டவில்லை. சற்று நேரத்தில் வயலுக்கு மேலால் அப்புத்துரையின் குரல் கேட்டது. மாடு களவுபோன கதை. பொன்னையாவின் சிரிப்பும் கேட்டது.

புதன், வியாழன், வெள்ளியும் அப்படியே. அப்புத்துரையில் பிழை இல்லை. கடைக்காரன் கடன் உள்ள பக்கம்தான் போகவேண்டும். தன் பக்கத்திலும் பிழை இல்லை என்பது அன்னபாக்கியத்துக்குத் தெரிந்தது. அதற்காக இரவு முந்தி விடியவில்லை. மூன்று பேணியும் ஒழுங்காக இருந்தன. எல்லாம் சரியாகச் செய்த ஒருத்தியின் வீடு இவ்வளவு சத்தமில்லாமல் இருக்கும் என்று ஈப்போவில் எவரும் சொல்லவில்லை. லியோங் வீட்டில் கடன் தீர்ந்த பிறகும் மேசையைச் சுற்றிப் பதினைந்து பேர் இருந்தார்கள்.

சனிக்கிழமை அன்னபாக்கியம் சந்திக்கு நடந்தார்.

"அக்கா!" என்று அப்புத்துரை தராசுக்குப் பின்னால் எழும்பினார். "நடந்தோ வந்தனீங்கள்? சொல்லி அனுப்பியிருக்கலாமே."

"ஒரு கிலோ சீனி தாரும். அரைப் போத்தல் மண்ணெண்ணெயும்."

அப்புத்துரை நிறுத்துக் கட்டி வைத்தார். அன்னபாக்கியம் காசை எடுக்கவில்லை.

"கடனா எழுதும்."

"என்ன அக்கா, காசு முடிஞ்சுதோ? என்னட்டை அள்ளித் தந்திட்டு..."

"காசிருக்கு." இடுப்பில் செருகியிருந்த கொட்டைப்பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினார். அயன் பண்ணிய நோட்டுகள் உள்ளே நேராக இருந்தன.

அப்புத்துரை கொட்டைப்பெட்டியைப் பார்த்தார், அன்னபாக்கியத்தைப் பார்த்தார். கடையில் நின்ற பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காசை வைச்சுக்கொண்டு ஆரும் கடன் படுவினமோ அக்கா? உங்களுக்குச் சுகமில்லையோ?"

"சுகமாத்தான் இருக்கிறன். எழுதும்."

அப்புத்துரை பேனையை எடுத்தார். "எப்ப தருவியள் எண்டு போட?"

"அது போடவேண்டாம்," என்றார் அன்னபாக்கியம். "வீட்டை வந்து கேளும்."