ஐஸ் மூழ்கும் வரை

பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு நாள் கழித்து, டெக்சாஸின் பிளானோ நகரில் ஒரு மருத்துவமனையின் நடைபாதையில், சலைன் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு போய் நர்ஸிடம் இரண்டு பைன்ட் பியர் கேட்டேன். மணி காலை பத்து.

நர்ஸ் சிரித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. எடுத்த பித்தப்பையைப் பார்சல் கட்டித் தருவீர்களா என்று முந்தின நாள் கேட்ட ஆள் நான். ஆனால் இந்த முறை வேடிக்கை இல்லை. அவர் நின்ற மேசை எனக்குத் தெருமுனை பப்பின் கவுண்டராகவே தெரிந்தது. மானிட்டருக்குப் பின்னால் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. மரத்தில் ஊறிய பழைய பியர் வாசனைகூட வந்தது. பியர் வரத் தாமதமானதும் எனக்குக் கோபம் வந்தது. சட்டை நனையும் அளவுக்கு வியர்த்தது. கம்பத்தைப் பிடித்திருந்த கை உதறியதில் கம்பமே கிலுகிலுவென்று ஆடியது.

அதற்கு அப்புறம் ஒன்றரை நாள் எனக்கு நினைவில் இல்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

என் பெயர் ஆரோக்கியராஜ். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

தூத்துக்குடிக்காரன் நான். வேலைக்காக இங்கிலாந்து போய், ரெடிங் நகரத்தில் பதினோரு வருடம் இருந்து, அந்த நாட்டு பாஸ்போர்ட்டும் வாங்கி, பிறகு கம்பெனி இடம் மாற்றியதால் டெக்சாஸ் வந்தவன். குடிக்கக் கற்றுக்கொண்டது ரெடிங்கில். பப் வீட்டிலிருந்து ஏழு நிமிட நடை. நாலு பேர் போனால் ஆளுக்கு ஒரு சுற்று வாங்க வேண்டும். அடுத்தவன் கிளாஸ் காலியாகும் வரை காத்திருக்க வேண்டும். விஸ்கி கேட்டால் அளந்துதான் வரும். இருபத்தைந்து மில்லி, கிளாஸின் அடியைக்கூட மூடாது. கஞ்சப் பயல்கள் என்று திட்டியிருக்கிறேன். கடைசியில் கவுண்டரில் ஒரு பித்தளை மணி அடிப்பார்கள். இனி ஊற்ற மாட்டோம், கிளம்புங்கள் என்று அர்த்தம். எட்டு மணிக்கு மேல் பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள். என் மகள் ஆன்னைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஏழே முக்காலுக்கு நான் வெளியேறிய நாட்கள் உண்டு.

அதாவது, என் குடியை நான் கட்டுப்படுத்தவில்லை. ஊர் கட்டுப்படுத்தியது. நான்தான் ஒழுங்கானவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிளானோவில் நடந்து போகக்கூடிய தூரத்தில் எதுவுமே கிடையாது. பார் இருக்கிறது, ஆனால் டோல் கட்டும் நெடுஞ்சாலை பிடித்துப் போக வேண்டும், திரும்பியும் ஓட்ட வேண்டும். குடித்துவிட்டு வண்டி எடுப்பதில்லை என்பதில் நான் கறாரானவன். எனவே வீட்டில் குடித்தேன். என் சீரழிவு ஒரு நற்குணத்தில் தொடங்கியது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மூன்று வீடு தள்ளி கிரஹாம் இருந்தான். இங்கிலாந்தின் லீட்ஸ்காரன், என்னோடு அதே வருடம் மாற்றலாகி வந்தவன். இருவரும் சேர்ந்து என் கராஜில் ஒரு பப் கட்டினோம். பலகை கவுண்டர், குட்டி அம்பு எறிந்து விளையாடும் டார்ட் போர்டு, இரண்டு உயரமான ஸ்டூல். கிரஹாம் எங்கிருந்தோ ஒரு பித்தளை மணியும் வாங்கி வந்தான். நம் ஊர்ப் பையன்கள் வந்து பார்த்து அசந்து போனார்கள். காரை வெயிலில் நிறுத்திவிட்டு கராஜில் ஸ்டூல் போட்டவன் அந்தத் தெருவிலேயே நான்தான்.

கராஜ் பப்பில் எல்லாம் இருந்தது. போதும் என்று சொல்ல மட்டும் ஆள் இல்லை. கடைசிச் சுற்றுக்கான மணியை முதல் சுற்றுக்கு அடிக்க ஆரம்பித்தோம். மாலை ஐந்தரை ஆனால் கிரஹாம் உள்ளே வரும்போதே டங்கென்று ஒன்று. வாரத்துக்கு ஒருநாள் என்பது இரண்டாகி, பிறகு எந்த நாள் இல்லை என்று யோசிக்க வேண்டியதாயிற்று. அவன் வராத நாளிலும் நான் மணி அடித்தேன். அந்த மாலைகள் எப்போது முடிந்தன என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒன்றின் முடிவுகூட நினைவில் இல்லை.

கிளாஸும் மாறியது. டெக்சாஸில் ஆளுக்கொரு பிரம்மாண்டமான ஸ்டீல் டம்ளர் வைத்திருப்பார்கள். மூடியும் ஸ்ட்ராவும் போட்டது, கிட்டத்தட்ட ஒரு லிட்டர் பிடிக்கும். ஆபீஸில் எனக்கும் ஒன்று பரிசாகக் கொடுத்தார்கள். அதை ஐஸால் நிரப்பி, பாதி ஐஸ் மூழ்கும் வரை விஸ்கி, மீதிக்கு சோடா. அதுதான் என் ஒரு டிரிங்க். தினமும் இரண்டு. சத்தியமாக இரண்டுதான். கிரஹாம் கொண்டுவரும் பியரை நான் சேர்ப்பதில்லை. ரெடிங்கில் அதைக் குடி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

காலையில் பல் தேய்க்கும்போது கை லேசாக நடுங்கும். ஏசி அதிகம் என்று நினைத்தேன். டெக்சாஸில் எதற்கும் ஏசியைக் காரணம் சொல்லலாம்.

ஒரு ஞாயிறு மாலை இரண்டாவது டம்ளர் முடிவதற்குள் வலது விலாவுக்குக் கீழே வலி வந்து சுருண்டு விழுந்தேன். என் மனைவி ரெஜினா எமர்ஜென்சிக்குக் கொண்டுபோனாள். பித்தப்பையில் கல், அதோடு சீழ். மறுநாளே எடுத்துவிட்டார்கள், கிருமித்தொற்று இருந்ததால் சில நாள் இருக்கச் சொன்னார்கள். சேர்க்கும்போது ஒரு நர்ஸ், குடிப்பீர்களா, எவ்வளவு என்று கேட்டார்.

“இரண்டு” என்றேன். ரெஜினாவும் தலையாட்டினாள். கம்ப்யூட்டரில் இரண்டு என்று ஏறியது. அந்த எண்தான் என்னைக் கொல்லப் பார்த்தது.

எனக்கு வந்தது டெலிரியம் ட்ரெமன்ஸ் (நெடுநாள் குடித்துப் பழகிய உடலுக்கு மது திடீரென நின்றதும் வரும் நடுக்கம், மனக்குழப்பம், வலிப்பு, கவனிக்காவிட்டால் உயிர் போகும்). தினமும் இரண்டு டிரிங்க் குடிப்பவனுக்கு இது வராது. அதனால் யாரும் எதிர்பார்க்கவில்லை. முதலில் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதா என்று தேடியிருக்கிறார்கள். வலிப்பு வந்த பிறகுதான் விஷயம் பிடிபட்டு, நரம்புகளை அமைதிப்படுத்தும் மருந்து ஏற்றியிருக்கிறார்கள்.

தெளிந்தபோது மணிக்கட்டைக் கட்டிலோடு சேர்த்து மெத்தென்ற பட்டையால் கட்டியிருந்தது. எதிரே தமிழ் முகத்தோடு ஒரு டாக்டர். நஸ்ரின் என்று பெயர். அவருடைய பெற்றோர் காயல்பட்டினம். அவர் பிறந்து வளர்ந்தது நியூ ஜெர்சி. குடி வாடையே அறியாத வீட்டுப் பெண்ணிடம் என் குடிக்கணக்கு போய்ச் சேர்ந்திருந்தது.

“அங்கிள், அட்மிஷன்ல ரெண்டு டிரிங்க்ஸ்னு சொல்லியிருக்கீங்க. ஒரு நாளைக்கா, ஒரு மணி நேரத்துக்கா?”

அங்கிள் என்றதே எனக்கு முதல் அடி. நாற்பத்தெட்டு வயதுதான்.

ரெஜினா எனக்காக வாதாடினாள். “ரெண்டே ரெண்டுதான் டாக்டர். நான் தினம் பாக்குறேனே. இவரு பொய் சொல்ற ஆளு இல்ல.”

“ஓகே ஆன்ட்டி. அவர் குடிக்கிற கிளாஸ நாளைக்கு எடுத்துட்டு வர்றீங்களா?”

மறுநாள் ரெஜினா கைப்பையிலிருந்து அந்த டம்ளரை எடுத்ததும் டாக்டர் நஸ்ரின் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். பிறகு, “இது கிளாஸ் இல்ல அங்கிள், பக்கெட்” என்றார். ஐஸ் வரவழைத்து, தண்ணீர் ஜக்கை என்னிடம் கொடுத்தார். “விஸ்கின்னு நெனச்சு ஊத்துங்க. வீட்ல ஊத்துற மாதிரியே.”

ஊற்றினேன். கை நடுங்கினாலும் அளவு நடுங்கவில்லை. பாதி ஐஸ் மூழ்கியதும் தானாக நின்றது. டாக்டர் மூடி வழியாகத் தண்ணீரை மட்டும் வடித்து, மாத்திரை கொடுக்கும் முப்பது மில்லி பிளாஸ்டிக் கப்பில் அளக்கச் சொன்னார். ரெஜினா அளந்தாள். ஒன்று, இரண்டு என்று மெதுவாகத் தொடங்கியவள் ஐந்துக்குப் பிறகு வாய்விட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டாள். எட்டுக் கப், ஒரு டம்ளருக்கு இருநூற்று நாற்பது மில்லி.

“இங்க ஒரு டிரிங்க்னா நாப்பத்தி நாலு எம்எல். சோ உங்க ரெண்டு, பதினொண்ணு. பியர் இல்லாம.”

நான் மனதுக்குள் ரெடிங் கணக்குப் போட்டேன். அங்கே அது பத்தொன்பது. அந்த பப்பில் போய் ஒரே ஆள் பத்தொன்பது விஸ்கி கேட்டிருந்தால் ஆம்புலன்சைக் கூப்பிட்டிருப்பார்கள். இங்கே நான் தினமும் கேட்டேன். தினமும் நானே ஊற்றிக் கொடுத்தேன்.

ரெஜினா கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் அந்தச் சின்னக் கப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “நானும்ல தலையாட்டினேன்” என்றாள். “உங்கள நம்பி தலையாட்டினேன். போயிருந்தா அந்தத் தலையாட்டல வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணியிருப்பேன்?”



ஆன் அன்று மாலை வந்தாள். பதினான்கு வயது. அறை வாசலிலேயே நின்றாள்.

“அப்பா, டூ யூ நோ ஹூ ஐ ஆம்?”

“என்ன கேள்வி இது? உள்ள வா.”

வரவில்லை. ரெஜினாதான் சொன்னாள். நினைவு தப்பியிருந்தபோது ஆன் என் கையைப் பிடித்திருக்கிறாள். நான் உதறிவிட்டு, எட்டு மணி ஆகிவிட்டது, பிள்ளைகள் இங்கே இருக்கக் கூடாது, இந்தப் பெண் யாருடையது, வெளியே கொண்டுபோங்கள் என்று கத்தியிருக்கிறேன். நல்ல ஆங்கிலத்தில், பப்காரர் குரலில்.

கல்லீரலுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஃபைப்ரோசிஸ் (கல்லீரலில் தழும்பு படிவது, முற்றினால் கல்லீரல் சுருங்கி இறுகிவிடும்) என்றார்கள். இறுகவில்லை. “இப்பவே நிறுத்தினா லிவர் கொஞ்சம் கொஞ்சமா ரிப்பேர் ஆகும் அங்கிள். இன்னொரு சான்ஸ் தரும். மூணாவது சான்ஸ்லாம் தராது” என்றார் டாக்டர் நஸ்ரின்.

இதைப் படிப்பவர்களில் யாராவது இன்று இரவே எல்லாவற்றையும் சிங்க்கில் கொட்டிவிடலாம் என்று எழுந்தால், தயவுசெய்து உட்காருங்கள். தினமும் நிறையக் குடிப்பவர் தனியாக, திடீரென நிறுத்துவது ஆபத்து. எனக்கு நடந்தது ஆஸ்பத்திரியில் நடந்தது; அதனால் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலில் மருத்துவரிடம் போங்கள். போவதற்கு முன் உங்கள் கிளாஸை அளந்து பாருங்கள். பொய் சொல்லாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நான் பொய் சொல்லவே இல்லையே.

வீடு திரும்பிய முதல் வாரங்களில் மருந்தும் ஆலோசனைக் குழுவும் என்னைப் பார்த்துக்கொண்டன. சாயங்காலத்தைத்தான் யாராலும் பார்த்துக்கொள்ள முடியவில்லை. ஐந்தரை ஆனால் உடம்புக்குள் எங்கோ டங்கென்று மணி அடிக்கும். நாக்கு ஊறும். வலது கை சும்மா இருக்காமல் எதையோ பிடிப்பதுபோல் வளையும். ஐந்தரைக்கும் தூக்கத்துக்கும் நடுவே இவ்வளவு நேரம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. பாத்திரம் தேய்த்தேன். தேய்த்ததையே மறுபடி தேய்த்தேன். மணி ஆறு பத்து.

கிரஹாம் மூன்று வாரம் எட்டிப் பார்க்கவில்லை. கோபித்துக்கொண்டேன். ஒருநாள் ஐந்தரைக்கு வாசலில் நின்றான், நடக்கும் ஷூவோடு.

“நானும் அளந்தேன்” என்றான். எத்தனை என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. “ஊரில் பப்புக்கு நடந்துதானே போனோம்? பப் இல்லையென்றால் என்ன, நடையாவது இருக்கட்டும்.”

ஏழு நிமிடம் நடந்தோம். ஏழாவது நிமிடம் எங்கள் குடியிருப்பின் மழைநீர்க் குட்டையில் போய் முடிந்தது. நாலு வாத்து. பெரிய பிக்கப் டிரக் ஒன்று ஓரம் கட்டி, வண்டி ரிப்பேரா, உதவி வேண்டுமா என்று கேட்டது. இந்த ஊரில் இரண்டு பேர் காரணமில்லாமல் நடந்தால் அப்படித்தான் கேட்பார்கள். இல்லை, பப்புக்குப் போகிறோம் என்றான் கிரஹாம். டிரக்குக்காரர் வாத்துகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கிளம்பிவிட்டார்.

ஒரு வருடம் ஆகிறது. காலையில் கை நடுங்குவதில்லை. கராஜில் இப்போது கார் நிற்கிறது. மணியை கிரஹாம் திருப்பிக் கேட்கவில்லை. ஒரு பெட்டியில் கிடக்கிறது. டார்ட் போர்டை மட்டும் கழற்ற மனமில்லை. போன வாரம் காரை வெளியே எடுத்துவிட்டு நானும் ஆனும் டார்ட் விளையாடினோம். அவள் எறிய வந்தவள், எறியாமல் செல்போனைப் பார்த்தாள்.

“அப்பா, இட்ஸ் எய்ட் ஓ’கிளாக்.”

“அதுக்கு?”

“ஆம் ஐ அலவ்ட் டு ஸ்டே?”

முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டாள். இந்த வித்தை அவளுக்கு யாரிடமிருந்து வந்தது என்பதில் சந்தேகமில்லை.

“இரு” என்றேன். அவள் எறிய வழி விட்டுத் தள்ளி நின்றேன்.

அந்த மாலை எப்போது முடிந்தது என்று எனக்குத் தெரியும். ஒன்பது இருபது. அவள் ஜெயித்தாள்.