கோழிக் கொட்டகையில் நான் கொடுத்த இன்டர்வியூ

இன்று காலை எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் எதிர்வீட்டுப் பெண் கேட்டிருந்தாள்: "ஆன்ட்டி, மழையில கோழிங்கள எங்க வைக்கிறது?"

"நீ இருக்கும் இடத்தைவிட நல்ல கூரையின் கீழ்" என்று பதில் போட்டேன். எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில், தாம்பரத்தில், வீட்டுக் கூரைக்கு வாங்கிய மங்களூர் ஓடுகளை என் கணவர் முதலில் கோழிக் கொட்டகைக்குப் போட்டார். "முட்ட போடறது அதுங்கதானே, நீயா நானா?" என்றார்.

அந்த வார மழையில், எனக்கு ஆசிரியை வேலை தரலாமா என்று பார்க்கப் பக்கத்துக் கான்வென்ட் பள்ளியின் தலைமை மதர் வீட்டுக்கே வந்துவிட்டார். கூடம் முழுக்க ஒழுகியது. வேறு வழியின்றி நாற்காலிகளைக் கொட்டகைக்குள் போட்டேன்.

ஆங்கில இலக்கணம் கேட்டுக்கொண்டிருந்தவரின் மடியில் வெள்ளைப் பெட்டை ஏறி உட்கார்ந்தது.

"இறங்கு! பெரியவங்க பேசும்போது இதென்ன பழக்கம்?" என்று அதட்டினேன்.

இறங்கிப் போய் மூலையில் நின்றது.

மதர் குடையை எடுத்தார். "நாப்பது பிள்ளைங்கள நீ சமாளிப்ப. திங்கக்கிழமை வாம்மா."

என் மதிப்பெண்களைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தார்கள் என்று ஓய்வு பெறும்வரை எல்லோரிடமும் சொல்லிவந்தேன். இப்போது ஒப்புக்கொள்கிறேன், எனக்குச் சிபாரிசு கோழிதான்.

உங்களுக்கு யார்?