எந்த சூப்பர்சார்ஜர், அண்ணே?

இன்று மதியம் பாளையங்கோட்டையில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் இருப்பது உங்களுக்குத் தெரியும். இன்ஜின் உச்சத்தில் சுழன்றால்தான் அதற்கு உயிரே வரும். அதற்குச் சூப்பர்சார்ஜர், அதாவது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்துப் பலம் ஏற்றும் கருவி, பொருத்த இரண்டு கிட் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று எடுத்ததுமே இழுக்கும். மற்றது இன்ஜின் வேகம் ஏற ஏறத்தான் பலம் தரும். எனக்கு முதலாவது, அண்ணனுக்கு இரண்டாவது.

"ஆரம்பத்துலயே எல்லாத்தையும் குடுத்துட்டா, அப்புறம் அந்த இன்ஜின் எதுக்குலே கத்துது?" என்பான். இதற்காக ஒரு கிறிஸ்துமஸ் முழுக்க என்னோடு பேசாமல் இருந்தவன்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவனுக்கு வலது காலைத் தூக்க முடியவில்லை.

இன்று சண்டைக்குத் தயாராகவே போய், போனில் இரண்டு படத்தையும் காட்டினேன்.

"நான் சொல்லுததுதான் சரி. எடுத்ததும் இழுக்குததையே போட்டுருவோம்ணே."

பார்த்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தான். "சரிலே. ஒனக்குப் பிடிச்சதப் போடு. நீதான ஓட்டப் போற."

"அப்படிச் சொல்லாதண்ணே. ஒனக்கு எது வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்லே."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பைக்கில் திரும்பும்போது ஆற்றுப் பாலத்தில் ஓரமாக நிறுத்திவிட்டேன். மேற்கொண்டு ஓட்ட முடியவில்லை.

இந்தப் பதிவை அண்ணன் படிப்பான். என் தேர்வு முட்டாள்தனம் என்று நினைப்பவர்கள் கீழே தாராளமாகத் திட்டுங்கள். உங்களோடு சேர்ந்து அவனும் திட்டுகிறானா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.